குளிர்காலத்தில் வேட்டைப் பறவை எந்தப் பறவையைக் குறிவைக்கும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகையில் வலசைப் பறவைகள் நீர்நிலைகளில் நிறையத் தொடங்கியதும், அவற்றின் பின்னாலேயே வேட்டைப் பறவைகளும் வந்து சேரும். ஆயிரம் பறவைகள் மேயும் சேற்றுவெளியில் ஒரு வல்லூறு பாய்கிறது, ஒன்றைப் பிடிக்கிறது. ஏன் அந்த ஒன்று? பறவை பார்க்க வருகிறவர்கள் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். பதில்களில் பெரும்பகுதி ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வருகிறது, ஏனென்றால் குளிர்கால வேட்டையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து உட்கார்ந்து பார்த்தது அங்கேதான். நம் ஊர் நிலவரம் கடைசிப் பகுதியில் வருகிறது.

பெயர்களைப் பற்றி ஒரு வரி. பெரிக்ரின் ஃபால்கனைப் பொரி வல்லூறு என்றும் ஷிக்ராவை வைரி என்றும் எழுதுகிறேன். அடிக்கடி வரப்போகும் ஸ்பாரோஹாக், வைரிக்கு நெருங்கிய சொந்தம். மறைவிலிருந்து திடீரென்று பாய்வதுதான் அதன் வழக்கம்.

குளிர்காலத்தைத் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கோடையில், அதாவது இனப்பெருக்கக் காலத்தில், வேட்டைப் பறவைக்குக் கூடு இருக்கும். அதை விட்டு வெகுதூரம் போக முடியாது. ஆனால் பறக்கப் பழகும் குஞ்சுகள் எங்கும் கிடைக்கும். குளிர்காலத்தில் இரண்டும் மாறிவிடுகின்றன. வேட்டைப் பறவை எங்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் எதிரே இருப்பவை எல்லாம் நன்றாகப் பறக்கத் தெரிந்த, விழிப்பான பறவைகள். அவற்றிலும் பல கூட்டமாக வாழ்பவை.

இரைக்கும் நெருக்கடி உண்டு. டிசம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பக்கம் பகல் வெளிச்சம் சுமார் 7 மணி நேரம்தான். அதற்குள் தின்று, மீதி 17 மணி நேரக் குளிரைத் தாங்க வேண்டும். நிம்மதியான இடத்தில் மேய்வதா, தீனி அதிகமுள்ள இடத்தில் மேய்வதா என்ற கேள்வி ஒவ்வொரு காலையும் வரும். பசி முற்றினால் பறவை ஆபத்தான இடத்துக்குப் போகும். வேட்டைப் பறவை "தேர்ந்தெடுக்கிறது" என்று நாம் சொல்வதில் பாதியை அந்தப் பசி முன்கூட்டியே முடித்துவைத்துவிடுகிறது. கீழே வரும் பதில்களில் பலவும் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

இதை யார், எங்கே ஆராய்ந்தார்கள்?

முதலில் சொல்ல வேண்டிய இடம் டைனிங்காம் கழிமுகம். எடின்பரோவுக்குக் கிழக்கே, வட கடலோரம், டைன் என்ற சிறு ஆறு கடலில் சேரும் இடம். பெரிய கழிமுகம் இல்லை. அதுவே வசதி: ஒரே இடத்தில் இருந்து பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். கரையில் மரங்கள் அடர்ந்த காடு, அதை ஒட்டி உப்புச் சதுப்பு, அதற்கு அப்பால் சேறும் சிப்பித் திட்டுகளும். காட்டிலிருந்து ஸ்பாரோஹாக் வரும். வானத்திலிருந்து பொரி வல்லூறு வரும். தாழப் பறந்து விரட்டும் மெர்லின் என்ற சிறு வல்லூறும் உண்டு. இரை பெரும்பாலும் உள்ளான்கள், குறிப்பாகப் பவளக்கால் உள்ளான்.

ஃபில் விட்ஃபீல்டு 1980களில் இங்கே தொடங்கினார். வில் கிரெஸ்வெல் 1989 முதல் குளிர்காலம் குளிர்காலமாகத் தொடர்ந்தார், பிறகு ஜான் குவின் போன்றவர்கள் சேர்ந்தார்கள். நான் இந்த வேலையை மிகவும் மதிக்கிறேன். கூண்டில் வைத்த சோதனை இல்லை, பொம்மைப் பருந்து இல்லை. உண்மையான வேட்டை, உண்மையான சாவு, நூற்றுக்கணக்கான தாக்குதல்கள், ஒவ்வொன்றிலும் யார் எங்கே நின்றார் என்ற குறிப்பு.

எது அதிகமாக இருக்கிறதோ அதைத்தானே அதிகம் பிடிக்கும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் டைனிங்காமில் ஸ்பாரோஹாக்குகளுக்கு இரண்டு கூட்டங்களில் எதைத் தாக்குவது என்ற வாய்ப்பு கிடைத்தபோது, எண்ணிக்கை பெரியதாக இருந்த கூட்டத்தைவிட எளிதாகப் பிடிபடக்கூடிய கூட்டத்தையே அதிகம் தாக்கின. மறைவுக்கு அருகே மேயும் கூட்டம், ஆட்கள் குறைந்த கூட்டம், இடைவெளி விட்டுப் பரவி நிற்கும் கூட்டம். இவைதான் கண்ணில் பட்டன.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் நகரிலும் இதைப் போன்ற ஒன்று தெரியவந்தது. டிமோத்தி ராத்தும் ஸ்டீவன் லிமாவும் கூப்பர்ஸ் ஹாக் என்ற பருந்துகளுக்கு ரேடியோ கருவி மாட்டிக் குளிர்காலத்தில் பின்தொடர்ந்தார்கள். நகரில் சின்னஞ்சிறு குருவிகள் ஏராளம். ஆனால் அந்தப் பருந்துகள் பெரும்பாலும் தாக்கியது மூன்று வகைப் பறவைகளைத்தான்: ஸ்டார்லிங் (நம் மைனாவின் சொந்தம்), துக்கப்புறா, மாடப்புறா. குருவிக்காகப் பாய்ந்து செலவிடும் சக்தி, அந்த அளவுள்ள பருந்துக்குக் கட்டுப்படியாகாது. பருந்தின் கண்ணில் ஒரு பறவையின் மதிப்பு, அதில் உள்ள இறைச்சியும் அதைப் பிடிக்கும் வாய்ப்பும் சேர்ந்தது. எத்தனை இருக்கின்றன என்பது அதற்குப் பிறகுதான்.

இளம் பறவைகள் அதிகம் மாட்டிக்கொள்வது அனுபவக் குறைவாலா?

ஓரளவு அனுபவக் குறைவு. பெரிய அளவு, இடம். டைனிங்காமில் சிப்பித் திட்டுகளும் திறந்த சேற்றுவெளியும் காட்டிலிருந்து தள்ளி இருக்கின்றன. அங்கே மேய்ந்தால் வருகிற பருந்தை வெகுதூரத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் அந்த நல்ல இடங்களில் முதிர்ந்த உள்ளான்கள் ஆதிக்கம் செலுத்தும். அந்தக் கோடையில் பிறந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் பறவைகளுக்குக் கிடைப்பது காட்டோர உப்புச் சதுப்பு. ஸ்பாரோஹாக் மரத்திலிருந்து கிளம்பிச் சில நொடிகளில் வந்துவிடும் தூரம். கொல்லப்பட்டவற்றில் இளம் பறவைகளின் பங்கு மிக அதிகமாக இருந்தது.

உறைபனி நாட்களில் இது இன்னும் கூர்மையாகும். சேற்றுக்குள் வாழும் கோரோபியம் என்ற சிறு இறால் வகைதான் பவளக்கால் உள்ளானுக்கு முக்கியத் தீனிகளில் ஒன்று. சேறு குளிர்ந்தால் அது வளைக்குள் ஒடுங்கிவிடும், மேலே வராது. சதுப்பிலோ செடிகளுக்கிடையே தத்தித் திரியும் மணல்தத்திகள் கிடைக்கும். வேகமாக வயிற்றை நிரப்பலாம். ஆகவே குளிர் கூடும் நாட்களில் சதுப்புக்கு வரும் உள்ளான்களின் எண்ணிக்கை கூடியது, ஆபத்து என்று தெரிந்தே. பட்டினியால் சாவதா, பருந்திடம் சாவதா என்று அளந்து பார்க்கும் இந்த நிலையை அங்கே ஆராய்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள்.

ஒரு வேட்டையைப் பார்த்துவிட்டு "பருந்து அந்தக் குஞ்சைத் தேர்ந்தெடுத்தது" என்று நாம் எழுதுகிறோம். அந்தக் குஞ்சை அந்த இடத்துக்குத் தள்ளிவிட்ட முதிர்ந்த பறவையையும், முந்தைய இரவின் பனியையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.

கூட்டத்துக்குள் ஒன்றை எப்படிக் குறிவைக்கிறது?

1971இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் என்ற பரிணாம உயிரியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். கூட்டம் சேர்வது ஒற்றுமைக்காக இல்லை. ஒவ்வொரு விலங்கும் பக்கத்து விலங்கைத் தனக்கும் ஆபத்துக்கும் நடுவே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது, அவ்வளவுதான் என்றார். ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் ஆபத்து வட்டம் உண்டு. பக்கத்தில் ஆள் நெருங்கி நின்றால் வட்டம் சுருங்கும், தள்ளி நின்றால் விரியும். இது சரியா என்று உண்மையான வேட்டையில் பார்க்க வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும். குவினும் கிரெஸ்வெலும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் அதைக் காட்டினார்கள்: ஸ்பாரோஹாக் குறிவைத்த உள்ளான், அதன் அருகே நின்ற மற்றவற்றைவிடப் பக்கத்துப் பறவையிடமிருந்து அதிகம் விலகி நின்றது. சிறிய வித்தியாசம்தான், ஆனால் உயிர் போகும் வித்தியாசம்.

அப்படியானால் ஏன் எல்லாம் ஒட்டியே நிற்பதில்லை? ஒட்டி நின்றால் ஒருவர் காலடி இன்னொருவர் தீனியைக் கலைக்கும். மீண்டும் பசி.

கூட்டத்துக்கு இன்னொரு பலம், கண்கள். ராபர்ட் கென்வர்டு 1978இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பழக்கப்படுத்திய கோஸ்ஹாக் பருந்தை, குளிர்காலத்தில் முட்டைக்கோசு வகைப் பயிர் வயல்களில் மேயும் காட்டுப்புறாக்கள் மீது ஏவிப் பார்த்தார். தனியாக இருந்த புறாவிடம் ஏறக்குறைய பத்துக்கு எட்டு முறை வெற்றி. 50க்கு மேற்பட்ட கூட்டத்திடம் பத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பெரிய கூட்டம் பருந்தை வெகு முன்னதாகப் பார்த்துக் கிளம்பிவிட்டதுதான் காரணம்.

பறக்கும் கூட்டத்தில் கணக்கு வேறு. ரோம் நகரில் குளிர்காலத்தில் ஸ்டார்லிங் கூட்டங்கள் மாலையில் அடையும்போது பொரி வல்லூறு தாக்கும். கூட்டத்தில் ஒரு கரிய அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். அந்த அலைகள் எழுந்தபோது வல்லூறின் வெற்றி குறைந்தது என்று அங்கே ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூந்தன்குளம் பக்கம் மாலையில் சூறைக்குருவிக் கூட்டம் சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது, அவை ஸ்டார்லிங்கின் இனம்தான்.

நோயாளியையும் பலவீனமானதையும் மட்டும்தான் பிடிக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

"மட்டும்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஓரளவு உண்மை. எப்படி வேட்டையாடுகிறது என்பதைப் பொறுத்தது இது. நீண்ட தூரம் துரத்தும் வேட்டையில் இரையின் உடல்நிலை வெளிப்படும். சோர்ந்தது பின்தங்கும், பிடிபடும். கென்வர்டின் ஆய்விலும் கூட்டத்திலிருந்து பிடிபட்ட புறாக்களில் மெலிந்தவை அதிகம். திடீர்ப் பாய்ச்சலில் அதற்கு நேரமே இல்லை. மரத்தின் பின்னாலிருந்து வரும் ஸ்பாரோஹாக்குக்கு முன்னால், நல்ல கொழுத்த பறவை தலை குனிந்து கொத்திக்கொண்டிருந்தால் அதுவும் சாகும்.

"பருந்து இயற்கையின் மருத்துவர், நோயை மட்டும் களையெடுக்கிறது" என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. வேட்டைப் பறவையை மக்கள் வெறுக்காமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். ஆனால் அது வாழ்வதற்கு அப்படி ஒரு நியாயம் தேவையே இல்லை.

தாக்கும்போது பறவை ஏன் சில நேரம் பறக்கிறது, சில நேரம் தரையோடு படுத்துவிடுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பதிலில் இரையின் அறிவு தெரிகிறது.

கிரெஸ்வெல் 1993இல் எழுதியது: ஸ்பாரோஹாக் வந்தால் பவளக்கால் உள்ளான்கள் பெரும்பாலும் பறந்தன. பொரி வல்லூறு வந்தால் பெரும்பாலும் தரையில் பதுங்கின. ஸ்பாரோஹாக் தரையில் நிற்பதை அள்ளிக்கொண்டு போவதில் கெட்டி, ஆகவே கிளம்பி வானத்துக்குப் போய்விடுவது நல்லது. பொரி வல்லூறு பறப்பதை அடித்து வீழ்த்துவது, தரையோடு தரையாக இருப்பதை அவ்வளவு வேகத்தில் வந்து எடுப்பது அதற்கே ஆபத்து. ஆகவே பதுங்கல். சரியான பதிலைத் தந்த பறவைகள் குறைவாகவே பிடிபட்டன.

நிழலைப் பார்த்த நொடியில் வருவது எது என்று அடையாளம் கண்டு, அதற்கேற்ற விடையை உடலால் சொல்ல வேண்டும். எந்தப் பறவை இரையாகும் என்பதில் அந்த நொடியின் பிழைக்கு ஒரு பங்கு உண்டு. வேட்டைப் பறவை அந்தப் பிழைக்காகத்தான் பாய்ந்து பாய்ந்து பார்க்கிறது.

வானம்பாடி பாடியே உயிர் தப்பும் என்பது கதையா?

கதை இல்லை. அதே டைனிங்காமில், குளிர்காலத்தில், மெர்லின் துரத்தும்போது சில வானம்பாடிகள் பறந்துகொண்டே பாடின. நன்றாகப் பாடியவற்றை மெர்லின் சீக்கிரம் கைவிட்டது. பாடாதவற்றையும் அரைகுறையாகப் பாடியவற்றையும் அதிக நேரம் துரத்தியது, அவை அதிகம் பிடிபட்டன. உயிர் போகிற வேகத்தில் ஓடும்போது பாடவும் மூச்சு இருக்கிறது என்றால், துரத்துவதில் பயனில்லை என்று மெர்லினுக்குப் புரிகிறது. இரண்டு தரப்புக்கும் லாபம்: ஒன்றுக்கு உயிர், மற்றதற்கு வீண்போகாத சக்தி. 1994இல் இது வெளியானது. பறவைகளைப் பற்றிப் படித்ததில் என் மனதை விட்டு அகலாத செய்திகளில் இதுவும் ஒன்று.

ஆணும் பெண்ணும் ஒரே இரையைத்தான் தேடுமா?

ஸ்பாரோஹாக்கில் இல்லை. ஆண் சுமார் 150 கிராம், பெண் ஏறக்குறைய அதன் இருமடங்கு. ஆண் பட்டாணிக்குருவி, சிட்டு அளவுள்ளவற்றை அதிகம் பிடிக்கும். பெண் ஸ்டார்லிங், பூங்குருவி அளவிலிருந்து புறாவரை போகும். பறவையைத் துரத்திப் பிடித்து வாழும் இனங்களில் பெண் பெரிதாக இருப்பது பொதுவான அமைப்பு. வைரியிலும் பெண்தான் பெரிது. ஆகவே "இந்த இனம் எதைப் பிடிக்கும்" என்று கேட்பதற்கு முன்னால் பறந்தது ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டும்.

நிறம் பார்த்துப் பிடிக்குமா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில், மாடப்புறாக்களைப் பொரி வல்லூறுகள் வேட்டையாடுவதைப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது. இடுப்பில் வெள்ளைத் திட்டு உள்ள புறாக்கள் அந்த ஊர்க் கூட்டத்தில் சுமார் 20 சதவீதம். பிடிபட்டவற்றில் அவை 2 சதவீதம் அளவுக்கே இருந்தன. மேலிருந்து விழும் வல்லூறு நெருங்கும்போது புறா உருண்டு திரும்பித் தப்பும். வெள்ளைத் திட்டு அந்தத் திருப்பத்தின் தொடக்கத்தை மறைத்துக் கண்ணைக் குழப்புகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. வெள்ளை இறகுகளையும் சாம்பல் இறகுகளையும் புறாக்களுக்கிடையே மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். திட்டை இழந்தவை அதிகம் பிடிபட்டன, திட்டைப் பெற்றவை தப்பின.

கூட்டத்தில் தனித்துத் தெரியும் நிறமுள்ள பறவை எளிதில் குறியாகும் என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஒரே மாதிரி நூறு பறவைகள் சுழலும்போது கண் ஒன்றில் நிலைக்க மாட்டாமல் தடுமாறும். வேறுபட்டது ஒன்று இருந்தால் கண் அதைப் பற்றிக்கொள்ளும்.

கடல் ஏற்ற இறக்கத்துக்கும் வேட்டைக்கும் தொடர்பு உண்டா?

நிச்சயம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையில் பவுண்டரி பே என்ற விரிகுடாவில் டன்லின் என்ற சிறு உள்ளான்கள் பல்லாயிரக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கும். டிக் டெக்கரும் ரான் இடன்பெர்க்கும் அங்கே பொரி வல்லூறின் வேட்டையைக் கவனித்தார்கள். ஏற்றம் ஏற ஏறச் சேற்றுவெளி மூழ்கும், உள்ளான்கள் கரைச் செடிகளை நோக்கித் தள்ளப்படும். வல்லூறு தாழப் பறந்து செடிகளின் மறைவில் வரும். கொலைகள் ஏற்றத்தின் உச்சத்தை ஒட்டியே அதிகம் நடந்தன.

அடுத்து நடந்ததுதான் வியப்பு. அந்த டன்லின்கள் ஏற்ற நேரத்தில் கரையில் ஓய்வெடுப்பதை விட்டுவிட்டு, மணிக்கணக்கில் கடலுக்கு மேலே கூட்டமாகப் பறந்துகொண்டே இருக்கத் தொடங்கின. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் தடைக்குப் பிறகு வல்லூறுகளின் எண்ணிக்கை மீண்டு வந்த காலத்தோடு இந்தப் பழக்கம் பெருகியது. ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இறக்கை அடிப்பது எவ்வளவு பெரிய செலவு! கரையில் உட்காரும் ஆபத்தை அதைவிடப் பெரிதாக அவை எண்ணுகின்றன.

கொழுத்த பறவையைப் பார்த்துப் பிடிக்குமா?

கொழுப்பைப் பருந்து பார்க்க வேண்டியதில்லை, கொழுப்பே பறவையைக் காட்டிக்கொடுக்கும். எடை கூடினால் எழும்பும் வேகமும் திரும்பும் கோணமும் குறையும். குளிர்காலத்தில் பட்டாணிக்குருவிக்குக் கொழுப்பு வேண்டும், ஆனால் அளவாக வேண்டும். பிரிட்டனில் பூச்சிக்கொல்லிகளால் 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் ஸ்பாரோஹாக் பல பகுதிகளில் மறைந்து, பிறகு திரும்பி வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைட்டம் காட்டில் பட்டாணிக்குருவிகளின் எடை நெடுங்காலமாகப் பதிவாகி வந்ததால் ஒப்பிட முடிந்தது: பருந்து இல்லாத ஆண்டுகளில் குருவிகள் குளிர்காலத்தில் கனமாக இருந்தன, பருந்து திரும்பியதும் மெலிந்தன. 1995இல் வெளியான இந்த முடிவைப் படித்தால், பிடிபடாத பறவையின் உடலிலும் வேட்டைப் பறவையின் தடம் இருப்பது விளங்கும்.

இரவிலும் வேட்டை நடக்குமா?

ஆந்தைகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நடக்கும். நகர வெளிச்சத்தில் பொரி வல்லூறு இரவில் வேட்டையாடுவது நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் இங்கிலாந்துத் தேவாலயக் கோபுரங்களிலும் பதிவாகியிருக்கிறது. பகலில் மறைந்தே திரியும் மரக்கோழி, நீர்க்கோழி போன்றவற்றின் எச்சங்கள் நகரக் கோபுரங்களில் கிடைத்தபோதுதான் இது தெரியவந்தது. இரவில் வலசை போகும் பறவையைக் கீழிருந்து நம் விளக்குகள் வெளிச்சமிட்டுக் காட்டுகின்றன.

எத்தனை முயற்சிக்கு ஒன்று வெற்றி?

டைனிங்காமில் மூன்று வேட்டைப் பறவைகளுக்கும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. எதிர்பாராத பாய்ச்சலில் கூடும், முன்கூட்டியே பார்த்துவிட்டால் வெகுவாகக் குறையும்.

தமிழ்நாட்டில் குளிர்காலத்தில் என்னென்ன பார்க்கலாம்?

இங்கே உறைபனி இல்லை, பகலும் அவ்வளவு சுருங்குவதில்லை. ஆகவே ஸ்காட்லாந்தின் பட்டினிக் கணக்கை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் அதே பவளக்கால் உள்ளான் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வருகிறது. ஆர்க்டிக் தூந்திரத்தில் இனப்பெருக்கம் செய்யும் பொரி வல்லூறுகளும் வருகின்றன. மலைப்பாறைகளில் ஆண்டு முழுதும் வாழும் ஷாஹீன் என்ற நம் உள்ளூர் வகை வேறு. அதன் அடிப்புறம் செம்மை படர்ந்திருக்கும். குளிர்காலத்தில் உப்பளம், கழிமுகம், உயர்ந்த கட்டடம், மின்கோபுரம் இவற்றில் வெளிறிய மார்போடு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த விருந்தாளி.

ஏரிகளில் சேற்றுப் பூனைப்பருந்தைக் கவனியுங்கள். நாணலுக்கு மேலே தாழப் பறந்து, நாமக்கோழிக் கூட்டத்தையும் வாத்துகளையும் திரும்பத் திரும்பக் கிளப்பும். பார்க்கிறவர்கள் "சும்மா விளையாடுகிறது" என்பார்கள். அது சோதனை. கிளம்பத் தாமதிப்பது எது, சிறகு சரியில்லாதது எது, கூட்டத்தோடு நெருங்காமல் தனியே நீந்துவது எது என்று ஒவ்வொரு சுற்றிலும் தெரியவரும். நாமக்கோழிகள் ஒன்றோடொன்று நெருங்கித் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடுவதும் மேலே சொன்ன ஆபத்து வட்டத்தைச் சுருக்கும் வேலைதான்.

புல்வெளிகளுக்கு வரும் மொன்டேகு பூனைப்பருந்து இந்தியாவில் பெரும்பாலும் வெட்டுக்கிளியைத் தின்றே குளிர்காலத்தை ஓட்டுகிறது. வேட்டைப் பறவை என்றாலே பறவையைத்தான் தின்னும் என்று எண்ண வேண்டாம். அந்த வெட்டுக்கிளி வாழும் புல்வெளிகளைத் "தரிசு" என்று கணக்கெழுதி அழிப்பது அந்தப் பருந்தைச் சுடுவதைவிடக் குறைந்த கொடுமை இல்லை.

மாடியில் தானியம் வைத்தேன், வைரி வந்து சிட்டைப் பிடித்துவிட்டது. என் தவறா?

தவறு இல்லை. நீங்கள் சிட்டுக்கு ஒரு மேய்ச்சல் இடம் தந்தீர்கள், வைரி அதைக் கண்டுபிடித்தது. வைக்கும் இடத்தை யோசிக்கலாம். அடர்ந்த புதரை ஒட்டியே வைத்தால் வைரிக்கு மறைவு, முற்றிலும் வெட்டவெளியில் வைத்தால் சிட்டுக்குப் புகலிடம் இல்லை. ஓரிரு தாவலில் முள்செடிக்குள் போகும்படி, ஆனால் நாலு பக்கமும் பார்க்க முடியும்படி வையுங்கள். கண்ணாடிச் சன்னலுக்கு நேரே வேண்டாம். பயந்து பறக்கும்போது மோதிச் சாகும். வைரி அடிக்கடி வரத் தொடங்கினால் சில நாட்கள் தானியம் வைப்பதை நிறுத்துங்கள், அது வேறு பக்கம் போகும்.

இப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் சிறு பறவைகள் அழிந்துவிடாதா?

மேலே சொன்ன பிரிட்டன் அனுபவம் இதற்கும் பதில். ஸ்பாரோஹாக் இல்லாத ஆண்டுகளில் தென் இங்கிலாந்தின் காட்டுப் பறவைகள் பெருகி வழியவில்லை, திரும்பியதும் அழிந்துபோகவில்லை. பருந்து பிடிக்காவிட்டால் பலவும் தீனிப் பற்றாக்குறையில் செத்திருக்கும். ஆனால் டைனிங்காம் போன்ற சிறு இடத்தில், ஒரு குளிர்காலத்தில், இளம் பவளக்கால் உள்ளான்களின் இழப்பு மிகப் பெரியதாக இருக்கலாம். எந்த அளவில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நம் உள்ளான்களுக்கு உண்மையான அச்சுறுத்தல் ஏரியில் கொட்டும் கட்டட இடிபாடும், தூர்ந்துபோன கழிமுகமும், வலையும்தான்.

கண்ணெதிரே பிடிபட்ட பறவையைக் காப்பாற்றலாமா?

வேண்டாம். நகத்தில் சிக்கியது பெரும்பாலும் பிழைக்காது. விரட்டினால் வேட்டைப் பறவை பசியோடு போய் இன்னொன்றைப் பிடிக்கும், ஆக இரண்டு சாவு. படம் எடுக்க நெருங்குவதும் இதே விளைவைத் தரும். உள்ளான் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வலசைக்காகச் சேர்க்கும் கொழுப்பில் ஒரு பகுதியை நீங்கள் எரிக்க வைக்கிறீர்கள். தூரத்திலிருந்து எடுங்கள்.

நானும் பதிவு செய்ய விரும்புகிறேன். எதைக் குறிக்க வேண்டும்?

வேட்டைப் பறவையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும். இரைக் கூட்டம் எத்தனை, மரம் அல்லது நாணலிலிருந்து எவ்வளவு தூரம், நெருங்கி நின்றதா பரவி நின்றதா, பறந்ததா பதுங்கியதா, கடலோரம் என்றால் ஏற்றமா இறக்கமா, நேரம் என்ன. தோல்வியடைந்த பாய்ச்சலை விடாமல் எழுதுங்கள். எல்லோரும் வெற்றியை மட்டும் எழுதுவதால் விகிதமே தெரியாமல் போகிறது. கொன்ற இடத்தில் கிடக்கும் இறகுகளைத் தொடாமல் அளவுகோலோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறகுத் தண்டு பிடுங்கப்பட்டிருந்தால் வேட்டைப் பறவை, கடித்துத் துண்டாகியிருந்தால் பூனை, கீரி போன்றவை. இனம் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே இபேர்டு (பறவைப் பதிவுக்கான இணையதளம்) பட்டியலின் குறிப்பில் போடுங்கள். ஊகித்துப் போட்ட பெயரைப் பின்னால் யாராலும் பிரித்தெடுக்க முடியாது.